பச்சை மலையும் ரைட்டரண்ணனின் பொட்டும்

அடுத்த மாதம் புதுப் பதிப்பு வருகிறதாம். கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளைச் சொல்கிறேன். என் மகனிடம் இப்படிச் சொன்னால் சிரிப்பான், அவனுக்கு அது 'ஓஎஸ்'. கோயம்புத்தூரிலிருந்து தினமும் அதன் படங்களை அனுப்புகிறான். நானும் தீபாவளித் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பிள்ளை மாதிரி அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு இந்த ஆசையெல்லாம் பிடிபடாது.

"இருக்கறது நல்லாத்தான ஓடுது? அப்பறம் என்னத்துக்கு மாத்தோணும்?" என்கிறார்.

காபிக்கொட்டை வறுத்து அரைத்து வெளியூருக்கு அனுப்புகிறோம். ஆர்டர் எல்லாம் இந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது என்பதால் அவர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் பழைய செல்போனை இந்த மனுஷன் மாற்றியதே அது கிணற்றில் விழுந்த பிறகுதான் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நேற்று லேப்டாப்பை எடுக்க அலமாரியைத் திறந்தேன். ஏற்காட்டில் பனி இறங்கிவிட்டால் எதையும் வெளியே வைக்க முடியாது. செருப்பு, பெல்ட், கல்யாண ஆல்பம் எல்லாம் பூஞ்சை பூத்துவிடும். அதனால் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு அந்தச் சூட்டில்தான் முக்கியமானதை வைத்திருப்போம். கதவைத் திறந்ததும் சுட்ட தூசியும் பழைய பலகையும் கலந்த வாசம் வந்தது. முன்பு நான் வேலை பார்த்த காபி எஸ்டேட் ஆபீஸின் பல்பு அலமாரியிலும் இதே வாசம்தான்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சேலத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, வெள்ளக்கடையிலிருந்து தினமும் பஸ்ஸில் அந்த ஆபீஸுக்குப் போவேன். கடிதம் அடிப்பது, பில் போடுவது என் வேலை. ஆபீஸில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் பாதி நேரம் எனக்கு, பாதி நேரம் ரைட்டருக்கு. எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் தினமும் யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பறித்தார் என்று செக்ரோலில் பதிகிறவர். எங்கள் ரைட்டர் வெள்ளையண்ணன், கரடியூர்க்காரர். பேனாவைக் கொடுத்தால் பூப்பூவாக எழுதுவார். மவுஸைக் கொடுத்தால் அது ஓடிவிடும் என்பதுபோல அழுத்திப் பிடிப்பார்.

ஆயுத பூஜைக்கு அந்தக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். சுற்றியிருந்த சட்டத்தில் மட்டுமல்ல, கண்ணாடியிலேயே வரிசையாக. பூஜை முடிந்ததும் துடைக்கப் போன என்னை அண்ணன் தடுத்தார்.

"இருக்கட்டும் கண்ணு. செக்ரோலு நடுப்பொட்டுக்குக் கீழ. சேத்து வெக்கற பட்டன் கடைசிப் பொட்டுக்குப் பக்கம். இப்பத்தான் எனக்கு வழியே தெரியுது."

அன்றிலிருந்து பொட்டைப் பார்த்துத்தான் அவர் வேலை செய்தார். தடுமாற்றம் நின்றது. நானும் பொட்டுகளைச் சுற்றித் தூசி தட்டப் பழகிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புது ஓஎஸ் வந்தது. பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். நீல வானம், அதன் கீழே பச்சை மலை. எனக்கு அது வேண்டும் என்று ஒரே தவிப்பு. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் அதைவிடப் பச்சையாகச் சேர்வராயன் மலையே நிற்கிறது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேப்பரில் வந்த மலைக்கு ஏங்கினேன். மேனேஜர் ஒருநாள் சிடிக்குச் சொல்லிவிட்டார். எங்களுக்கு மாத்திரையானாலும் மோட்டார் பெல்ட்டானாலும் சேலம் பஸ் கண்டக்டர் கையில்தான் வரும். இதுவும் செய்தித்தாளில் சுற்றி அப்படித்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று நானே வாங்கினேன். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் கீறல் விழாமல் வந்திருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் கவலை.

மேனேஜர் முதலில் பங்களாவிலிருந்த தன் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பட்டன் எல்லாம் நிறம் மாறி, இடம் மாறி இருந்தன. நான் வாயைப் பிளந்தேன். அண்ணன் தன் பொட்டு இருக்க வேண்டிய இடங்களைத் திரையில் தேடினார்.

"இதுல என்னுது எதுவுமே இல்லீங்களே," என்றார்.

மேனேஜர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். "கஷ்டமா இருந்தா விடுங்க வெள்ளையன். சேலத்துலேர்ந்து இது தெரிஞ்ச ஆளை ரைட்டரா போட்டுக்கலாம். நீங்க ஸ்டோரைப் பாத்துக்குங்க," என்றார்.

ஸ்டோருக்குப் போனால் எஸ்டேட் கொடுத்த ரைட்டர் வீட்டைக் காலி செய்துவிட்டு, தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். திரும்பி வரும் வழியில், சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுகொண்டு சொன்னார்.

"பந்தக்கால் அந்த ஊட்டு வாசல்ல நடணும்னு எம்புள்ள நொம்ப ஆசைப்படுது கண்ணு. பொறந்த ஊடு. அது முடிஞ்சா நான் எங்க வேணாலும் போறேன்."

என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரை எப்போது மாற்றலாம் என்று மறுநாள் மேனேஜர் கேட்டபோது, "பழம் பறிப்பு முடியட்டும் சார். நடுவுல ஏதாச்சும் ஆனா செக்ரோல் நின்னுரும்," என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்," என்றார். சிடி அலமாரிக்குள் பல்பு பக்கத்தில் போனது. பறிப்புக் காலம் முழுக்க ஏதாவது சாக்கு வைத்து அலமாரியைத் திறந்து அதைப் பார்த்துக்கொள்வேன்.

பந்தக்கால் அந்த வாசலில்தான் நட்டார்கள். மாவிலைத் தோரணத்துக்குக் கீழே நானும் பந்தியில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன். கல்யாணப் பெண்ணைவிட அண்ணன்தான் அழகாக இருந்தார்.

கல்யாணம் முடிந்த வாரம் அண்ணன் தாமாகவே வந்தார். "எங்க கண்ணு அந்தத் தட்டு? போடு, பாத்தர்லாம்," என்றார். சிடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். புதுசு உள்ளே போகிறது, சும்மா விடலாமா என்று, பளபளப்பான பக்கமாகப் பார்த்து, நடு ஓட்டையை ஒட்டி நல்ல பெரிய சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் போய் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் கர்கர் என்று உறுமி, சிடியை வெளியே துப்பியது. மறுபடி தள்ளினோம், மறுபடி துப்பியது.

"அதுக்குப் புடிக்கலியாட்டம் இருக்குதுங்களே," என்றார், என்னைப் போய் 'ங்க' போட்டு. பயத்தில் மரியாதை வந்துவிட்டது. சிடியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொட்டு, சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். துப்பட்டாவால் துடைத்துப் போட்ட பிறகுதான் அது உள்ளே தங்கியது.

பச்சை மலை வந்ததும், பொட்டுகளுக்கு நேராக அவர் சொடுக்குகிற குட்டிப் படங்களை நகர்த்தி வைத்தேன். மற்றதை மெதுவாகக் கற்றுக்கொண்டார். ஓய்வு பெறும்வரை அவர்தான் ரைட்டர், அந்த வீடும் அவருக்குத்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். அந்த ஆபீஸ் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி.

போன வாரம் டவுனில் ஓர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. கவுண்டரில் என் வயது இருக்கும் ஓர் அம்மா, வழக்கமான பட்டனைக் காணாமல் திரையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"மாத்தறதுக்கு முன்னால உங்களக் கேக்கலீங்களா?" என்றேன்.

"யாருங்க கேக்கறாங்க? காலைல வந்து பாத்தா தானா மாறிக் கெடக்குது," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் வீட்டில் என்ன விசேஷமோ, என்ன கஷ்டமோ. கொஞ்சம் பொறுங்கள் என்று அவருக்காக யாரிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்றால், அதைக் கேட்டு யோசித்துவிட்டுச் சரி என்று சொல்ல இப்போது எந்த அறையிலும் ஆள் இல்லை.