ரம்பத்தின் மூடி

ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகள் எழும்பிய யுத்த காலத்தில், சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய வட்ட ரம்பம் வந்தது. பூட்டிக் கிடந்த மரவாடி ஒன்றிலிருந்து நைனா அதை மாட்டுவண்டியில் ஏற்றிவந்தார். மேசை முழுக்கத் துரு. நைனாவும் அண்ணனும் தேய்ந்துபோன பேரிங்குகளை மாற்றி, ஆயில் எஞ்சினோடு பெல்ட் பூட்டினார்கள். துருவைத் தேய்த்தது நான். மண்ணெண்ணெயும் செங்கல் தூளும் போட்டு, ரம்பத்தின் மேல் கவிகிற இரும்பு மூடியைத் தேய்த்ததில் என் நகமெல்லாம் கறுத்துவிட்டது.

ஓடத் தொடங்கிய முதல் வாரமே நைனா அந்த மூடியைக் கழற்றிவிட்டார். பலகையில் போட்ட கரிக்கோடு தெரியவில்லையாம். அம்மா அதைக் கோழிக்குஞ்சுகளின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

சுழல்கிற பற்களுக்கு அருகே நைனாவின் வலது கை போய்ப் போய் வந்தது. அந்தக் கைதான் எங்களுக்குச் சோறு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மிஷினில் வார்த்திருந்த ஆங்கில எழுத்தைப் படித்து, ரம்பம் எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று சொன்னவளும் நானே. அன்றைக்குத் தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்த நைனா, மூடி விஷயத்தில் மட்டும் காது கொடுக்கவில்லை.

ரம்பம் ஓடிய எங்கள் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதினேன். மூடியில்லாமல் ரம்பத்தை ஓட்டக்கூடாது. தொங்கும் துணியோடு பெல்ட் அருகே வரக்கூடாது.

“இன்னாமே எழுதிக்கீறே? படி,” என்றார் நைனா. படித்தேன்.

“ரெண்டாவது நல்லாக்கீது.”

அண்ணன் சிரித்தான். “தாவணி தொங்குது, பின்னல் தொங்குது. டீச்சரம்மா, மொதல்ல நீ வெளிய போ.”

“உன் தோள்ல தொங்குறது இன்னா?”

அவன் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான். “இப்போ தொங்கல.”

நைனா தலையாட்டினார். நான் எழுதிய விதி என்னையே வெளியே தள்ளியது. முதல் விதியை யாரும் சீண்டவில்லை.

மறுநாள் குஞ்சுகளைக் கூடைக்கு மாற்றிவிட்டு மூடியோடு கொட்டகை வாசலில் நின்றேன்.

“மேசைமேல நேர் சட்டம் ஒண்ணு முடுக்கிடு நைனா. பலகைய அத்தோட ஒட்டித் தள்ளினா கோடே வாணாம்.”

நைனா யோசித்தார். சட்டத்தை முடுக்கி, மூடியையும் மாட்டி ஒரு பலகையை அறுத்தார். நூல் பிடித்தாற்போல் வந்தது. “பரவால்ல,” என்றார், பலகையைப் பார்த்து.

அடுப்படிக்குப் போனேன். சற்று நேரத்தில் ரம்பத்தின் சத்தம் மாறியது. மூடி இருந்தால் அமுங்கிக் கேட்கும். இப்போது கீச்சென்று தெறித்தது. ஓடினேன். மூடி தரையில் கிடந்தது.

“சின்னத் துண்டுமே. இதுக்குப் போயி மாட்டிக்கினு, கழட்டிக்கினு…”

“மாட்டு நைனா.”

மாட்டினார். என் தலை மறைந்ததும் மறுபடி அதே சத்தம்.

முறத்தையும் அரிசியையும் எடுத்துவந்து கொட்டகை வாசலுக்கு எதிரே உட்கார்ந்தேன். இவ்வளவு படித்து, கல் பொறுக்கிக்கொண்டே ஒரு மூடிக்குக் காவலிருக்கிறேனே என்று ஆத்திரமாக வந்தது.

“எம்மா நேரம் இங்கியே குந்திக்கினு இருப்பே?” என்றார் நைனா.

“ரம்பம் நிக்கிற வரிக்கும்.”

முணுமுணுத்துக்கொண்டே மூடியை எடுத்து முடுக்கினார். அரிசி முடிந்தது. துவரம்பருப்பைக் கொண்டுவரும்படி அம்மாவுக்குக் குரல் கொடுத்தேன்.