மேசையில் கொட்டிய பழமிளகாய்

கொரோனா ஓய்ந்து, ஆட்கள் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துகொண்டிருந்த காலம். கிளிநொச்சி ஸ்கந்தபுரத்தில் நான் அப்போதுதான் முகக்கவசம் போடத் தொடங்கினேன். எனக்குக் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். போர் முடிந்து மீள்குடியேறி வந்தபோது பற்றை மூடிக் கிடந்த காணியைத் தனி ஆளாக வெட்டி, கிணறு கட்டி, மிளகாய் வைத்தவன். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் நல்ல செத்தல் மிளகாய் எங்கே என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் என் படலையைத்தான் காட்டும். வவுனியா வியாபாரிகள் தேடி வருவார்கள். காரணம் என் கண். எந்தப் பழம் இன்றைக்குப் பிடுங்க வேண்டியது, எது நாளைக்கு என்று வரம்பில் நின்றபடியே சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லலாம்தானே.

மருந்தைத் தினமும் காலையில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், தாதி மிஸ்ஸுக்கு முன்னால் நின்று விழுங்க வேண்டும். பளையிலிருந்து பஸ் ஏறி வருகிற, என் மகள் வயதுப் பெண். எனக்கு அது பிடிக்கவில்லை.

“உந்த மருந்தை மொத்தமாத் தா பிள்ளை, வீட்டில விழுங்கிறன். நான் சொன்னாச் சொன்னதுதான்.”

“ஓம் ஐயா, நீங்கள் சூரன்தான். எண்டாலும் என்ர கண்ணுக்கு முன்னால விழுங்குங்கோ.”

பிறகு விளக்கிச் சொன்னார். சலம், அதாவது சிறுநீர், செம்மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, குமட்டி விடாமல் சத்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ, நிறம் மாறித் தெரிந்தாலோ, அடுத்த நாள்வரை பார்த்திருக்காமல் உடனே வர வேண்டும். என் தொழிலையும் கேட்டார். மிளகாய் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

“அப்ப சோதிக்கிறது வலு சுகம். ஒவ்வொரு நாளும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பழத்தையும் காயையும் பாருங்கோ. பிறகு மற்றக் கண்ணாலயும் பாருங்கோ. சிவப்பு மங்கினா எனக்குச் சொல்லோணும்.”

“என்ர கண்ணுக்கே சோதினையோ?” என்று சிரித்துவிட்டு வந்தேன். சொந்தத் தோட்டத்தில் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றால் வேலையாட்கள் என்ன நினைப்பார்கள்? ஆனால் மருந்து விழுங்க ஒரு நாளும் தவறியதில்லை. இருமல் நின்றது, சோறு ருசித்தது, மெலிந்த உடம்பு தேறிச் சாரம் இடுப்பில் ஒழுங்காக நின்றது. மருந்து என்னிடம் தோற்றுவிட்டது என்றுகூட மனைவியிடம் சொன்னேன்.

பழம் பிடுங்கும் பருவம் வந்தது. என்னிடம் வேலை செய்கிற மலையகத்து அக்கா ஒருவர் வாய் ஓயாதவர். என் கூடையை எட்டிப் பார்த்தார்.

“என்னங்கய்யா, இன்னிக்குக் காயெல்லாம் கூடைக்குள்ள போவுது! செடிக்கு வேற மருந்து அடிச்சீங்களா?”

“மப்புக் காலம். வெளிச்சம் காணாது. நீ உன்ர கூடையைப் பார்” என்றேன். உண்மையாகவே முகில் மூடிய மப்புத்தான் காரணம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, அந்த மிஸ்ஸுக்கு ஒரு பை பழமிளகாய் கொண்டுபோனேன். என் கையாலேயே தெரிந்தெடுத்துப் பிடுங்கியது. “பழுத்த பழம் மட்டும்தான் பிள்ளை. இப்பிடிப் பழம் நீ சந்தையில காணமாட்டாய்” என்று நீட்டினேன்.

அவர் பைக்குள் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. சிரிக்கவுமில்லை. பையை அப்படியே மேசையில் கொட்டினார்.

“ஐயா, இதில காயைப் பிரிச்சுத் தாங்கோ.”

“இதில எங்க காய்?”

“பிரியுங்கோ ஐயா.”

நான் குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி மண்ணிறமாகக் கிடந்தன. சில இன்னும் கறுப்பாக இருந்தன. கை நீண்டது, எதை எடுப்பது என்று தெரியவில்லை. அவர் என் ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார், பிறகு மற்றதை. இரண்டும் ஒன்றுதான்.

“இண்டைக்கு மருந்து தரமாட்டன்” என்றார். நான் பேச வாயெடுக்குமுன் தொலைபேசியில் டொக்டரோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஓட்டோவையும் அவரே பிடித்துத் தந்தார்.

வீட்டு வாசலில் மனைவியை ஏற்றினேன். கிளிநொச்சிக்குப் பாதி வழியில் கேட்டேன்: “ஏனப்பா இந்தச் சாம்பல் நிறச் சீலையை உடுத்துக்கொண்டு வந்தனி?”

அவள் என்னைப் பார்த்தாள். “இது மகளின்ர கலியாணத்துக்கு நீங்கள் எடுத்துத் தந்த சிவப்புச் சீலை” என்றாள். பற்றைக் காடு என்னைப் பயப்படுத்தியதில்லை. அந்த ஓட்டோவுக்குள் பயந்தேன். கண் போனால் நான் வெறும் நாலாம் வகுப்புத்தானே.

கிளினிக்கில் கண்ணையும் இரத்தத்தையும் சோதித்தார்கள். நான் விழுங்கிய குளிசைக்குள் ஒன்றாய்ச் சேர்ந்திருந்த நான்கு மருந்துகளில் ஒன்று, எதம்பியூட்டோல் என்று பெயர் (மகளிடம் கேட்டு எழுதுகிறேன், என் வாயில் நுழையாது), அரிதாகச் சிலருக்குக் கண் நரம்பைத் தாக்குமாம். என் சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம். அதனால் மருந்து வெளியேறாமல் உடம்பில் தங்கிவிட்டது. நேரத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும், பிந்தினால் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைத் தனித்தனிக் குளிசைகளாகப் பிரித்துத் தந்தார்.

ஊருக்கு வந்ததும் மிஸ்ஸிடம் சொன்னேன்: “எனக்கு ஒரு குளிசையும் வேண்டாம். எல்லாத்தையும் விடுவம்.”

“ஒரு மாடு வேலியைப் பிரிச்சதெண்டு பட்டியையே விப்பீங்களோ ஐயா? இடையில விட்டா வருத்தம் திரும்பி எழும்பும், பிறகு இந்த மருந்துகளுக்கும் அடங்காது. வாயைத் திறவுங்கோ.”

திறந்தேன். என்னை அப்படி அதட்டியவர் இந்த ஊரில் வேறு யாருமில்லை.

சிவப்பு உடனே வரவில்லை. தினமும் கண்ணைப் பொத்திக்கொண்டு செடிக்கு முன்னால் நின்றேன். வேலையாட்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஒரு காலையில் ஒரேயொரு பழம் இலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததுபோல் சிவந்து தெரிந்தது. அந்த மலையகத்து அக்காவைக் கூப்பிட்டு, “இது பழமோ?” என்று கேட்டேன். “பழந்தாங்கய்யா” என்றார். வரம்பிலேயே குந்திவிட்டேன்.

மருந்தை முடித்தேன், நோய் மாறிச் சுகமானேன். இப்போதும் பருவத்தின் முதல் பழத்தில் ஒரு பை அந்த மிஸ்ஸுக்குத்தான். வாங்கியதும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்துச் சிரிப்பார். என் மிளகாயைப் புகழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். அதை நம்பாமல் கொட்டிப் பார்த்த அந்த ஒருத்தியால்தான் எனக்கு இன்றும் சிவப்பு சிவப்பாகத் தெரிகிறது.