ஜிமிக்கியின் ரத்தத்துக்காக மூன்று முறை செங்கல்பட்டு

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், கடற்கரை, நல்ல பொங்கல் கிடைக்கும் கடை என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை ஒரு கிடேரியின் ரத்தக் குப்பியோடு பேருந்தில் போய்வந்த கதை. சிரிக்காதீர்கள். என் வாசகர்களில் மாடு வைத்திருப்பவர் மூன்று பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் நேரம், தூரம், செலவு எல்லாம் குறித்து வைத்தேன்.

போன ஆடிக் கடைசியில் கிளம்பினேன். திருவிடந்தையில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்தெருவில் கஸ்தூரி இருக்கிறாள். எங்களுக்குப் பால் ஊற்றுபவள். அவளிடம் இரண்டு கறவை மாடும் ஒரு ஜெர்சி கலப்புக் கிடேரியும் உண்டு. காதில் கிடந்த ஜிமிக்கியை விற்றுக் கன்றாக வாங்கியதால் கிடேரிக்கு ஜிமிக்கி என்றே பெயர். மூன்று வயது முடிந்தும் பருவத்துக்கு வரவில்லை. ஊசி, தாது உப்பு, திருப்போரூர் முருகனுக்கு வேண்டுதல் என்று எல்லாம் பார்த்தாயிற்று. போதாததற்கு அவ்வப்போது மற்ற மாடுகள் மேல் காளை மாதிரித் தாவி ஏறும். அதற்காக மாரியிடம் அடியும் வாங்கும்.

மாரி கஸ்தூரியின் கணவர், மீன் வியாபாரி. பால் தராத மாட்டுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது, தரகரிடம் பேசிவிட்டேன் என்று ஒருநாள் அறிவித்தார். அடிமாட்டுக்குத்தான். கஸ்தூரி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்கும் மனசில்லை. தினமும் அலுவலகத்துக்குப் போகும்போது என் துப்பட்டாவை இழுத்து வம்பு செய்கிற மாடு அது.

கால்நடை மருத்துவர் வந்து சோதித்துவிட்டு, கருப்பை சரியாக வளரவில்லை போலிருக்கிறது, இது ஆண் கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்று கேட்டார். விற்றவர் எதுவும் சொல்லவில்லை. அப்படியானால் குரோமோசோம் பரிசோதனைதான் வழி. செங்கல்பட்டைத் தாண்டி ஓர் ஆய்வகத்தில் செய்வார்கள், ரத்தத்தை அன்றன்றே கொண்டுபோக வேண்டும் என்றார். பேருந்து என்றால் எனக்குப் பைத்தியம் என்பது தெருவுக்கே தெரியும். முடிவு தெரியும்வரை தரகர் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று மாரியிடம் உறுதி வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன்.

திங்கள் காலை ஆறரைக்கு மருத்துவர் கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, பச்சை மூடிக் குப்பியில் விட்டுக் கொடுத்தார். ரத்தம் உறையாமலிருக்க அதில் மருந்து இருக்கிறதாம். சூடு படாமல் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உடனே மாரி களத்தில் இறங்கினார். தெர்மாகோல் பெட்டி, நொறுக்கிய ஐஸ், அடியில் ஒரு படுக்கை, மேலே ஒரு போர்வை, நடுவில் குப்பி. வஞ்சிரத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை செய்திருக்க மாட்டார்.

"நாலு நாளானாலும் கெடாது. இருவது வருசமா இத்தத்தான பண்ணிகினு கீறேன்" என்றார்.

7.10க்கு ஈ.சி.ஆரில் பேருந்து. மாமல்லபுரம் 17 கிலோமீட்டர், 20 ரூபாய். நடத்துநர் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, மீனுக்குத் தனி டிக்கெட் என்றார். மீனில்லை, மாட்டு ரத்தம் என்றேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோய் நின்றுகொண்டார். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மாமல்லபுரத்தில் 8.05க்கு செங்கல்பட்டு வண்டி, 30 கிலோமீட்டர், 30 ரூபாய். திருக்கழுக்குன்றம் மலை தெரிகிற பக்கமாக, அதாவது ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்காருங்கள் என்று நான் அடம்பிடிப்பதெல்லாம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அன்று மடியில் பெட்டி ஒழுகிக்கொண்டே வந்ததால் மலையைப் பார்க்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, 6 கிலோமீட்டர், 20 ரூபாய்.

ஆய்வகத்தில் நித்யா என்ற இளம் ஆய்வாளர் பெட்டியைத் திறந்ததும் முகம் சுருங்கிவிட்டது. ஐஸ் நேரடியாகப் பட்டதில் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன.

"மீன் செத்ததுக்கு அப்புறம்தானேக்கா ஐஸ் போடுறாங்க? எங்களுக்கு இது உயிரோட வேணும். இதை நாங்க வளர்க்கணும்" என்றார்.

கோபிக்கவில்லை, உட்காரவைத்து விளக்கினார். வெள்ளணுக்களை மாட்டின் உடம்புச் சூட்டிலேயே மூன்று நாள் வளர்ப்பார்கள். அவை இரண்டாகப் பிரியும் தறுவாயில் மருந்து விட்டு அப்படியே நிறுத்துவார்கள். உப்பு குறைந்த நீரில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயம் ஏற்றி எண்ணுவார்கள். மாட்டுக்கு அறுபது குரோமோசோம். பேருந்தில் திரும்பும்போது மாரியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதே என் கவலை.

சொன்னேன். மறுநாள் காலை மருத்துவர் மறுபடி ரத்தம் எடுத்துக் கொடுக்க, மாரியே தன் துண்டில் குப்பியைச் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, பக்கத்தில் ஒரு குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் குப்பிமேல் படாமல் நிறுத்திக் கொடுத்தார். நித்யா குப்பியை வெளிச்சத்தில் பார்த்துத் தலையசைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று செங்கல்பட்டில் நிம்மதியாக இரண்டு மசால் தோசை சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து மூன்றாவது பயணம், கஸ்தூரியோடு. நித்யா எங்களை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். கொண்டை ஊசிகளைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. அவற்றில் இரண்டு மட்டும் பெரிதாக, நான்கு கால் விரித்து நின்றன. பெண்ணுக்குரிய இரண்டு எக்ஸ். அடுத்த செல்லைக் காட்டினார். அதில் எக்ஸ் ஒன்றுதான், கூடவே பொடிசாக ஓர் ஒய். ஒரே மாட்டின் ரத்தத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தன. வயிற்றிலிருக்கும்போது இரட்டையரின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் இணைந்து, கூடப் பிறந்த காளைக்கன்றின் அணுக்கள் இதற்குள் வந்திருக்கின்றன. அதன் சுரப்புதான் இதன் கருப்பையை வளரவிடவில்லை. சினை பிடிக்காது, மருந்தும் கிடையாது.

கஸ்தூரி வெகுநேரம் நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை. "கூடப் பொறந்தவன ரத்தத்துல வச்சிகினு கீது. அத்தப் போயி வெட்டக் குடுக்கிறதா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நித்யா அப்போதுதான் கேட்டார், இது மற்ற மாடுகள் மேல் ஏறுமா என்று. நாங்கள் குற்றவாளிகள் மாதிரி ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்தார். இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் சில அப்படிச் செய்யும். எந்த மாடு பருவத்தில் இருக்கிறதோ அதன் மேல்தான் ஏறும். அடிக்காதீர்கள், அது ஏறினால் சினை ஊசி போடுபவரைக் கூப்பிடுங்கள் என்றார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். அவளுடைய பெரிய கறவை பருவத்துக்கு வந்ததே தெரியாமல் மூன்று மாதம் வீணாகியிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: திங்கள் அல்லது செவ்வாயில் கொண்டுபோங்கள், அப்போதுதான் மூன்று நாள் வளர்ப்பு விடுமுறை ஞாயிறன்று வந்து முடியாது. பச்சை மூடிக் குப்பிதானா என்று பாருங்கள். ஒரு பக்கப் பயணம் 70 ரூபாய், இரண்டரை மணி நேரம். ஆண் கன்றோடு பிறந்த பெண் கன்றை வாங்குமுன் கேட்டுவிடுங்கள். ஐஸைப் பற்றி இன்னொரு முறை சொல்ல மாட்டேன்.

இது தை மாதம். கஸ்தூரியின் பெரிய கறவை நாலு மாதச் சினை. பின்தெருவில் மாடு வைத்திருப்பவர்கள் காலையில் தங்கள் மாட்டை ஜிமிக்கி பக்கமாக ஓட்டிவந்து காட்டிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் தரகர் மறுபடி வந்தார். நான் பால் வாங்க நின்றிருந்தேன். மாரி ஐஸ் நொறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அது வேலைக்குப் போய்கினு கீது, அண்ணாத்த. விக்கிறதுக்கில்ல."