கிளெனிஸின் கோதுமைப் பை

எங்கள் மெல்பர்ன் காப்பீட்டு அலுவலகத்தில் கிளெனிஸ் ஃபார்குவர் இருபத்தாறு வருடமாக இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கிறாள். காரை நசுக்கிக்கொண்டு யாராவது ஃபோனில் அழுதால் அவளிடம்தான் தள்ளிவிடுவோம். ஐந்தே நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவாள். அவளுக்குப் பக்கத்து மேசை கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

போன குளிர்காலத்தில் ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு கருப்புப் பெட்டியை ஒட்டினார்கள். உடம்புச் சூடு பட்டால் 'ஆள் இருக்கிறது', படாவிட்டால் 'இல்லை' என்று தலைமையகத்துக்குச் சொல்லுமாம். மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தானாம், யார் பெயரும் பதிவாகாதாம். காதில் பூ வைப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

மூன்றாம் வாரமே மேலாளர் லாக்லன் வந்து நின்றான். முப்பது வயது. கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"கிளெனிஸ், பதினாலாம் மேசை தினமும் நாப்பத்தேழு நிமிஷம் காலியா இருக்காம். ஏதாச்சும் பிரச்சனையா?"

"பேரே பதியாதுன்னியே கண்ணு, அப்புறம் நேரா எங்கிட்ட எப்படி வந்த?"

அவன் காது சிவந்தது. சிரித்துப் பேசினாலும் அவள் உடனே முகத்தைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் ஏன் எழுந்து போகிறாள் என்று எனக்குத் தெரியும். உடம்பு சம்பந்தப்பட்டது. அதற்கு மேல் உங்களிடமும் சொல்ல மாட்டேன். எனக்குக் கொதித்தது.

மறுநாள் அவள் இடுப்புவலிக்கு ஒத்தடம் வைத்துக்கொள்ளும் கோதுமைப் பையை, அதாவது கோதுமை மணி நிரப்பித் தைத்த துணிப்பையை, கொண்டுவந்தாள். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் சுட வைத்து, நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். பெட்டி ஏமாந்தது. மெல்பர்ன் குளிரில் எந்த வீட்டில் அந்தப் பை இல்லை? ஒரே வாரத்தில் எங்கள் மாடியில் முப்பத்திரண்டு நாற்காலிக்கும் முப்பத்திரண்டு பை.

வெள்ளிக்கிழமை காலைத் தேநீருக்கு ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவருவோம். அன்றும் எல்லோரும் சமையலறையில் நின்று லாமிங்டன் கேக்கை மொய்த்துக்கொண்டிருந்தோம். லாக்லன் உதட்டிலும் தேங்காய்த்துருவல். அவன் ஃபோன் அடித்தது. தலைமையகம். தேநீருக்குக்கூட எழாமல் முப்பத்திரண்டு பேரும் வேலை பார்க்கிறார்களாமே என்று ஒரே பாராட்டு!

அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் மென்றதை விழுங்கவில்லை.

"ஆமா, தங்கமான ஆளுங்க," என்றான்.

ஃபோனை வைத்துவிட்டு மெல்ல கிளெனிஸ் பக்கம் வந்தான்.

"திங்கக்கிழமை என் ரூம்லயும் ஒரு பெட்டி ஒட்டுறாங்களாம். அந்தப் பை எங்க கிடைக்கும்?"

நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று காத்திருந்தேன். அவள் போய்த் தன் நாற்காலியில் இருந்த பையை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல சுட வைக்காத, கருகிடும். நீ எங்க போறேன்னு நான் கேக்க மாட்டேன்."