லைன் போட வந்த டாக்டர்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். அதில் 'லைன்' என்ற சொல் மட்டும் முழுசாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பிறந்ததே அதற்குள்தான். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளை வெள்ளைக்காரன் லைன் என்றானாம். நம் ஆட்கள் வாயில் அது லயம் ஆகிவிட்டது. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அதுவரை லயம் சுத்தத் தமிழ் என்று நினைத்திருந்தேன். கோயில் கூட்டத்தில் ஒருமுறை அதைப் பெருமையாக எடுத்துப் பேசியும் இருக்கிறேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் தெரியாது.

பிறகு போன் வந்தது. செம்பனை மரங்களுக்குள் நின்றால் லைன் இருக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால் கிடைக்கும். சம்பந்தம் பேசுவதும் சாவு சொல்வதும் அந்த மேட்டில் நின்றுதான். ஜெராம் ரோட்டில் போலீஸ் மறித்து நிற்கவில்லை என்றால் 'லைன் கிளியர்'. கூட்டாளி வீட்டில் அவன் மனைவி இல்லை என்றாலும் லைன் கிளியர்தான்.

இன்னொரு லைன் உண்டு. பெண்பிள்ளைகளுக்குப் போடுவது. நானும் போட்டிருக்கிறேன், ஒரே ஆளுக்கு. அதையும் ஒழுங்காகப் போடவில்லை. பைப்படிக்கு அவள் தண்ணீர் பிடிக்க வரும் நேரம் பார்த்து நானும் வாளியோடு போவேன். போனால் பேச்சு வராது. குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். வாளி நிறைந்து வழியும். என் கால் இரண்டும் நனையும். நான் தொட்டியைப் பார்ப்பேன், வானத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் அவளே சொன்னாள்.

"வாளி நெறஞ்சிருச்சு."

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கல்யாணம் வரை போனேன்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல். முதலில் பனடோல் மாத்திரை கொடுத்தேன். குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்தது. எழுந்து நின்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் காரில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டெங்கி என்றார்கள். வார்டில் கட்டில் கொடுத்தார்கள்.

மத்தியானம் டாக்டர் வந்தார். நம் பிள்ளை. மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி முகம். கோலாலம்பூர் பக்கத்துத் தமிழ். அவளைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அங்கிள், ஆன்டிக்கு லைன் போடணும். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. படித்த பிள்ளை. கழுத்தில் குழாய் மாட்டியிருக்கிறார். அவர் வாயில் இப்படி ஒரு பேச்சு. அதுவும் புருஷனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு.

"தம்பி, இது எம்பொண்டாட்டி லா" என்றேன்.

"தெரியும் அங்கிள். அதான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போடுறேன்."

கட்டிலில் ஏதோ சத்தம். வலியில் முனகுகிறாள் என்று திரும்பினேன். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவள், உதடு வெடித்திருந்தவள், சிரித்துக்கொண்டிருந்தாள். மலாய்க்கார நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், தட்டோடு வந்து நின்றாள். தட்டில் ஊசியும் பிளாஸ்டிக் குழாயும் இருந்தன. தண்ணீர் ஏற்றுவதற்குக் கையில் குத்தி வைப்பதற்கும் பெயர் லைன்தானாம். நான் வெளியே போனேன்.

வராந்தாவில் ஜன்னல் ஓரம் நின்றேன். இனி அந்த டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்தார். நெற்றியில் வேர்வை.

"லைன் கெடைக்கல அங்கிள்."

இந்தத் தடவை நான் தயார். இது எனக்குத் தெரிந்த லைன். இந்தக் கட்டடத்துக்குள் கிடைக்காதுதான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினேன்.

"இந்த ஜன்னல்கிட்ட நல்லா கெடைக்குது தம்பி. என் போன்ல பேசுங்க."

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொண்டது. இரண்டு கையிலும் குத்திப் பார்த்தாயிற்று. வாய் வழியாகக் கொடுத்தால் நிற்கவில்லை. இப்படியே விட முடியாது. இன்னொரு தடவை கையில் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் கழுத்தில்தான் போட வேண்டும்.

வீட்டுத் திண்டாட்டம் எதுவானாலும் ஒரு வழி பண்ணிவிடுவேன். டிராக்டர் நின்றால் கழற்றிப் பார்ப்பேன். குழாய் அடைத்தால் கம்பி விட்டுக் குத்துவேன். இதற்கு என்ன செய்வது? போனை நீட்டிய கையைக்கூட மடக்கத் தெரியாமல் நின்றேன்.

மிஸ்ஸி ரப்பர் கையுறையில் சுடுதண்ணீர் பிடித்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தாள். பார்க்கப் பசு மடி மாதிரி இருந்தது. சூடு பட்டால் நரம்பு மேலே வருமாம். என்னை உள்ளே கூப்பிட்டு, அதை என் மனைவி கையில் வைத்து, மேலே என் கையையும் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிடித்தேன். தாலி கட்டிய அன்று ஐயர் பிடிக்கச் சொல்லிப் பிடித்த கை. அப்புறம் நாலு பேர் பார்க்கப் பிடித்ததில்லை. எங்கள் பக்கம் அது வழக்கமில்லை. செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கிய கை, முள் குத்திய வடு நிறைய இருந்தது. முன்னமே இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. எதிர்க் கட்டில் சீனப் பாட்டி வைத்த கண் வாங்காமல் எங்களைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கையுறை மடி ஆறிப்போனது. மிஸ்ஸியைக் காணோம். அதை எடுத்து வைத்துவிட்டு என் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். காய்த்துப்போன கைதான், இருந்தாலும் சூடு இருக்குமே.

டாக்டர் வந்து உட்கார்ந்தார். புறங்கையை விரலால் தட்டினார், தடவினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினார். நானும் விடவில்லை. சின்னக் குழாய்க்குள் ரத்தம் வந்தது.

"கெடைச்சிருச்சு அங்கிள்" என்றார். என் சட்டைப் பையில் இருந்த போனை ஒரு தடவை பார்த்தார். "இப்ப லைன் கிளியர்."

தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. பையிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து அவளுக்கு. ஒவ்வொரு சொட்டாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் போனார். மிஸ்ஸி வந்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனாள். சாப்பாட்டு வண்டி வந்தது, போனது. லைன் போடாத கையை எப்போதோ எடுத்து, பிடித்தபடியே இருந்திருக்கிறேன். யாரும் விடச் சொல்லவில்லை, நானும் விடவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள். "வாளி நெறஞ்சிருச்சு."

கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டேன். போனைத் தேடுகிற மாதிரி.