சூசையின் சாவியும் கிரேக்க மெழுகும்

இன்று பின்னேரம் எங்கள் வாசலில்...

பக்கத்து வீட்டுச் சூசை வந்து நின்றார். பள்ளிமுனையில் கடற்தொழில் செய்பவர். அவருடைய மோட்டார் சைக்கிள் சாவி எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஏன் என்கிறீர்களா? எல்லாம் என் மேதாவித்தனம்தான்!

ஈஸ்டர் முடிய அவருடைய மகளுக்குக் கல்யாணம். அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்:

"தவக்காலம் முடியுமட்டும் குடிக்காமல் இருந்தால் உங்கட கையைப் பிடிச்சுக் கோயிலுக்கு வாறன். இல்லாட்டி சித்தப்பாவோட போறன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். (ஓய்வுபெற்ற ஆசிரியர் சும்மா இருப்பாரா?)

சூசைக்கு ஒரு கிரேக்கப் புராணக் கதை சொன்னேன்.

பாட்டுப் பாடியே மாலுமிகளைக் கொல்லும் கடல் மோகினிகள். அந்தப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்ட ஓர் அரசன், தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னான். கெஞ்சினாலும் அவிழ்க்க வேண்டாம் என்றான். தண்டு வலித்துக் கப்பலை ஓட்டியவர்களின் காதுகளை மெழுகால் அடைத்தான்.

"மோகினி கடலில இல்லைச் சூசை, மனசில. ஆசை வர முன்னமே தன்னைக் கட்டி வைக்கிறவன்தான் கெட்டிக்காரன். இதுதான் உளவியல்!"

சூசை ஆழமாக யோசித்தார்.

"கட்டினது நைலோன் கயிறோ மாஸ்டர்?"

பிறகு சாவியை நீட்டினார்.

"கள்ளுத் தவறணைக்கு நடந்து போனால் வழியில சம்பந்தி வீடு. மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் சுத்திப் போவன். நான் அழுதாலும் குடுக்காதேங்கோ."

சாவியை என் மனைவி செபமாலையோடு சேர்த்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

இன்று அந்த மோகினி பாடிவிட்டது!

"மாஸ்டர், மச்சானைப் பாக்கப் போகோணும். சாவியைத் தாங்கோ."

"ஏலாது."

"ஒரு சுத்துத்தான்..."

"ஏலாது."

(கிரேக்கர்கள் பார்த்திருந்தால் எனக்குச் சிலை வைத்திருப்பார்கள்.)

சூசை குரலை இறக்கினார்.

"நீங்கள் சொன்ன கதையைக் கரையில சொன்னனான். எல்லாரும் வாயைப் பிளந்தவங்கள். உங்களை மாதிரி ஒரு மாஸ்டர் இந்தத் தீவிலயே இல்லையாம்!"

என்ன இனிமையான பாட்டு! என் கால்கள் தாமாகவே குசினிக்கு நடந்தன.

"இஞ்சரும், சூசையின்ர சாவியை ஒருக்காத் தாரும்."

மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். காதில் இயர்போன். நிமிரவே இல்லை.

மறுபடி கேட்டேன். சூசையும் பின்னால் வந்து கெஞ்சினார். கத்தி நிற்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கதை முழுக்கச் சொன்ன நான், என் காதுக்கு மெழுகு வைக்க மறந்திருந்தேன்!

சூசை சிரித்துவிட்டார்.

"தண்டு வலிக்கிறது அக்காதான் மாஸ்டர். நீங்கள் இல்லை."

கதிரையில் உட்கார்ந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தார். பிறகு நேரே வீட்டுக்குப் போனார். படலை வாசலில் மகள் காத்து நின்றாள். கிட்ட வந்து ஒருமுறை மோந்து பார்த்தாள்.

"தேத்தண்ணியோ அப்பா?"

"ஓம் பிள்ளை."

அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். (அதற்கும் ஏதாவது உளவியல் இருக்கும்.)

குசினிக்குத் திரும்பினேன். இயர்போன் வயரின் மறுமுனை மனைவியின் மடியில் தொங்கியது. போனோ அலுமாரிக்கு மேலே கிடந்தது!

"இதில என்ன கேக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. நீங்கள் கதை சொல்லிக் கிரேக்கத்துக்குப் போகேக்கை போடுறது."

நண்பர்களே, உங்கள் வீட்டில் மெழுகு யாருடைய காதில்?