கன்னத்தில் ஒரு விரல்ரேகை

பக்கத்து அறையில் அட்டைப்பெட்டியின் மூடி 'டப்'பென்று திறக்கும் சத்தம். பெட்டியம்மா விரல்விட்டு எண்ணினாள். வந்திருக்கும் பெண் ஐந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டாள், இது ஆறாவது. அதில்தான் அந்தப் படம் இருக்கிறது!

கலைக்கூடத்தின் புகைப்படக் காப்பறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள். கலைஞர்களின் படங்களை எண்ணிட்டு, மெல்லிய தாளில் சுற்றி, குளிரறையில் பிள்ளைகளைப் போலத் தூங்கவைத்தவள். அதனால் ஊழியர்கள் வைத்த பெயர் பெட்டியம்மா. "என்னையும் ஒரு பெட்டியில போட்டு நம்பர் ஒட்டிடேன், அப்பவாவது திரும்பிப் பார்ப்பே" என்பார் கணவர்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு முறை தவறினாள். பதினான்கு வருடத்துக்கு முன், மகள் பள்ளி மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டதாகப் போன் வந்தது. பேசுவதற்காகக் கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டாமல், மேசையில் கிடந்த படத்தை வெறுங்கையால் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓடினாள். மகளின் கை ஆறே வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் படத்தில் பட்ட வியர்வை அப்படி ஆறுவதில்லை. வருடங்கள் கழித்துத்தான் பழுப்பேறி மேலே வரும். போன வருடம் பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தாள். படத்திலிருந்த பெண்ணின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. அதன் குறுக்கே ஒரு கோடு. வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாளே, அதே தழும்பு!

பதிவேட்டில் அவள் அதை எழுதவில்லை.

இப்போது உள்ளே இருப்பவள், படமெடுத்த கலைஞரின் மகள். அவர் வீட்டில் விட்டுப்போன நாற்பது பெட்டிகளையும் இங்கே ஒப்படைப்பதா வேண்டாமா என்று, ஏற்கெனவே இங்கிருக்கும் அவர் படங்களின் நிலையைப் பார்த்து முடிவெடுக்க வந்திருக்கிறாள்.

"கொஞ்சம் வாங்க."

பெட்டியம்மா உள்ளே போனாள்.

"இது எங்கம்மா. அவங்க கன்னத்துல யாரோட விரல் இது?"

பெட்டியம்மா படத்தின் மேல் குனிந்தாள்.

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர் வேலையா? அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாராமே."

தலையாட்டினால் போதும். செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்? தலை அசையவும் தொடங்கியது. ஆனால் படத்திலிருந்த அந்தத் தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலக்கைக் கையுறையைக் கழற்றினாள். கட்டைவிரலைக் கறைக்குப் பக்கத்தில், தொடாமல், நீட்டிக் காட்டினாள்.

"என்னுது மேடம்."

வந்தவள் விரலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"போன வருஷம்..."

"எழுதி வெச்சீங்களா?"

"இல்ல. பயந்துட்டேன்."

"இப்ப எழுதுங்க. என் கண்ணு முன்னாடி."

எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக ஓடியது. வந்தவள் அதைப் படித்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை பெட்டிங்க வரும். எங்க வீட்டு ஈரச் சுவருக்கு இந்த இடம் மேல். ஆனா அதுல ஒண்ணைக்கூட நீங்க தொடக்கூடாது. கையுறை போட்டாலும் சரி."

"சரி மேடம்."

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது. கழற்றிய கையுறை கையிலேயே இருக்க, பெட்டியம்மா நின்றாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.